கைப்பையில் ஒரு காவல்

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து, பிள்ளைகள் ஓதுவதற்கு வந்து அமரும் நேரம். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சிறிய புட்டியை எடுத்துக் காட்டினார்.

“ஹஜ்ரத், இது பெப்பர் ஸ்பிரே. நகரத்துக் கல்லூரிக்குப் போகும் என் மகளுக்காக வாங்கினேன். காலையில் ஆறு மணிப் பேருந்து; திரும்பும்போது இருட்டிவிடுகிறது. இதை அவளிடம் கொடுக்கலாமா? மார்க்கத்தில் தடை உண்டா? சட்டத்தில் வம்பு வருமா?” என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, சில நூல்களைப் புரட்டினேன். வழக்கறிஞர் ஒருவரையும் மருத்துவர் ஒருவரையும் கண்டு பேசினேன். இதே கேள்வி இன்று பல இல்லங்களில் எழுந்திருக்கும் என்பதால், அறிந்தவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இத்தகைய கருவிகளை முன்பு ‘உயிர்கொல்லா ஆயுதங்கள்’ என்று அழைத்து வந்தார்கள். இன்று அத்துறையினரே அச்சொல்லைத் தவிர்த்து, ‘உயிராபத்து குறைந்த ஆயுதங்கள்’ என்கிறார்கள். இம்மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், விளையாட்டு வெற்றியைக் கொண்டாடத் திரண்ட கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறையினர் மிளகாய்ச் சாறு அடைத்த உருண்டைகளைச் சுட்டார்கள். அவற்றில் ஒன்று கண்ணில் பாய்ந்து கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். மின்கம்பிகளைப் பாய்ச்சி உடலை முடக்கும் டேசர் வகைத் துப்பாக்கிகளைக் காவலர்கள் பயன்படுத்தியதைத் தொடர்ந்து நிகழ்ந்த மரணங்களை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017-இல் தொகுத்தபோது, எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அம்மரணங்கள் அனைத்துக்கும் அக்கருவி மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ‘இது யாரையும் கொல்லாது’ என்ற உறுதியை எவரும் தர இயலாது. ஆபத்து குறைவு என்பது வேறு. ஆபத்தே இல்லை என்பது வேறு.

இனி நண்பர் கொண்டுவந்த புட்டிக்கு வருவோம். பெயரில் மிளகு இருந்தாலும் உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சாறுதான். அதிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. இவ்வுண்மையை டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞரின் குழுவினர் 1997-இல் கண்டறிந்தனர். 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெருப்பே இல்லாமல் நெருப்புப் பட்டதாக உடல் நம்பிவிடுகிறது. கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாகின்றன. பெரும்பாலோருக்கு ஒரு மணி நேரத்துக்குள் இது தணிந்துவிடும். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த ஒரு மணி நேரமே உயிருக்கு உலையாகலாம்.

இக்கருவியை மூன்று தராசுகளில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலாவது, வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யுமா? கைப்பையின் அடியில், புத்தகங்களுக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் கீழே கிடக்கும் புட்டியால் பயனில்லை. அதன் பூட்டை எப்படி விடுவிப்பது என்று விரல்களுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். புட்டியில் குறிக்கப்பட்ட காலம் கடந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் இருசக்கர வாகனப் பெட்டிக்குள் வைத்தால் அது வெடிக்கவும் கூடும். மதுவின் பிடியிலோ போதைப் பொருளின் பிடியிலோ இருப்பவனை அது நிறுத்திவிடும் என்று உறுதி கூறவும் இயலாது. உடலில் தொட்டு மின்னதிர்ச்சி தரும் கருவிகளின் நிலை இன்னும் மோசம். தாக்க வருபவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பின்னரே அவற்றைப் பயன்படுத்த முடியும். வலிமை மிக்கவன் அதையே பிடுங்கித் திருப்பிவிட்டால் என்ன செய்வது?

இரண்டாவது, அது நம் மீதே திரும்புமா? எதிர்க்காற்றில் தெளித்தால் முதலில் எரிவது தெளித்தவரின் கண்தான். மூடிய அறையிலோ பேருந்துக்குள்ளோ தெளித்தால் குற்றவாளி, நிரபராதி, கைக்குழந்தை என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. 2014 பிப்ரவரி 13-ஆம் நாள், தெலங்கானா மசோதாவை எதிர்த்து நாடாளுமன்ற மக்களவைக்குள் உறுப்பினர் ஒருவர் இதைத் தெளித்தபோது அவையே இருமிக் கலைந்தது. உறுப்பினர்கள் சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அத்தனை பெரிய மண்டபத்தில் அந்த நிலை என்றால் நம் வீட்டு அறையில் என்னவாகும்! சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மருந்தைப் போல எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்கலாகாது. காற்றோட்டமான இடத்துக்கு வந்து, குளிர்ந்த நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். மிளகாய்ச் சாறு எண்ணெய்ப் பசையுள்ளது. ஆகவே கண்ணைத் தவிர்த்துத் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, சட்டமும் மார்க்கமும் வகுத்த எல்லை. தன்னையும் பிறரையும் தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமையை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் வழங்கியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைவிட மிகுதியாகத் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தருவதில்லை. ஆபத்து நீங்கிய பின் ஓடுகிறவனைத் துரத்திச் சென்று தெளிப்பது தற்காப்பு ஆகாது; வாய்ச் சண்டைக்குப் பதிலாகத் தெளிப்பதும் ஆகாது. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு தகராறில் இத்தெளிப்பானைப் பயன்படுத்தியவர்கள் மீதான வழக்கை ரத்துச் செய்ய மறுத்து, அதனை ஆபத்தான ஆயுதம் என்றே குறிப்பிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் தற்காப்பு என்ற வாதம் அங்கு எடுபடவில்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஸியால்’ என்னும் தலைப்பில், தாக்க வருபவனைத் தடுப்பது பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அவர்கள் வகுத்த ஒழுங்கு யாதெனில், இலேசானதைக் கொண்டு தடுக்க முடியும்போது கடினமானதை நாடலாகாது என்பதாகும். சொல்லால் தடுக்க இயன்றால் சொல். கூவி உதவிக்கு அழைக்க இயன்றால் கூவல். அதன் பிறகே கை. அதற்கும் பிறகே ஆயுதம். ஆபத்து இந்தப் படிகளுக்கு இடம் தராதபோது சட்டம் வேறு. சட்டப் புத்தகமும் ஃபிக்ஹு நூலும் இவ்விடத்தில் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுவதைக் கண்டு வியந்தேன்.

வெளிநாடு செல்வோர் கவனிக்க வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. இங்கே கடையில் விற்கும் இப்புட்டியைப் பிரிட்டனில் தனிமனிதர் வைத்திருப்பதே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி குற்றமாகும். விமானத்துக்குள் கைப்பையில் கொண்டுசெல்வதற்கும் தடை உண்டு. ஆகவே பயணத்துக்கு முன் பையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஒரு வாரம் கழித்து நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். “கொடுக்கலாம், பாய். ஆனால் இது சண்டையிடுவதற்கான கருவி அல்ல. தப்பி ஓடுவதற்குச் சில விநாடிகளை வாங்கித் தரும் கருவி என்று சொல்லிக் கொடுங்கள். தெளித்த மறுகணம் ஆட்கள் இருக்கும் பக்கம் ஓட வேண்டும். 112-க்கு அழைக்க வேண்டும். வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் வீசும்போது ஒரு முறை தெளித்துப் பழகட்டும். கூடவே ஒரு விசிலும் வாங்கிக் கொடுங்கள், அதனால் எவர் கண்ணும் எரியாது” என்றேன்.

மறுநாள் அவர் மீண்டும் வந்தார். முகம் வாடியிருந்தது. மகளை அருகில் அமர்த்தி, புட்டியைக் கையில் கொடுத்து, நான் சொன்னவற்றையெல்லாம் விளக்கினாராம். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அத்தா, இரண்டு மாதமாக ஒருவன் பேருந்து நிறுத்தத்திலிருந்து பின்தொடர்ந்து வருகிறான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்துதான் சொல்லவில்லை” என்று அழுதாளாம்.

“இரண்டு மாதம், ஹஜ்ரத்! ஒரே வீட்டில் ஒரே சஹனில் சாப்பிட்டோம். எனக்குத் தெரியவில்லை” என்றார் நண்பர். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஏனெனில், ‘பெண்பிள்ளைக்குத் தொல்லை என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நானே எத்தனை பேரிடம் எளிதாகச் சொல்லியிருக்கிறேன்! அவள் வாயை அடைத்தது அத்தகைய சொற்கள்தாமே!

நண்பர் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. அவளையும் அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையம் சென்று புகார் எழுதிக் கொடுத்தார். ஒரு பெண்ணை அவள் விருப்பமின்றிப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அங்குதான் அவர் அறிந்துகொண்டார். பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்காரரிடமும் நடத்துநரிடமும் சொல்லி வைத்தார். காவலர்கள் அழைத்து எச்சரித்த பிறகு அந்த இளைஞனை அப்பக்கம் காணவில்லை. புட்டி இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது; இதுவரை அதன் பூட்டைத் திறக்க நேரவில்லை.

ஆகவே பெற்றோரே, வாங்கிக் கொடுப்பதென்றால் முறையறிந்து வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன், “என்ன நடந்தாலும் வந்து சொல்லம்மா. உன்னைக் குறை கூற மாட்டோம், படிப்பையும் நிறுத்த மாட்டோம்” என்னும் வாக்கைக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வெளியே செல்லும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல இறைவன் பத்திரமாக வீடு சேர்ப்பானாக!