மறையெழுத்துப் போட்டி வேண்டும்

நம் கல்லூரி விழா என்றால் பேச்சுப் போட்டி உண்டு, கட்டுரைப் போட்டி உண்டு, கவியரங்கம் உண்டு, கோலப் போட்டியும் உண்டு. நாவன்மைக்கும் கைவண்ணத்துக்கும் பரிசளிக்கும் நாம், ஆராய்ந்தறியும் திறனுக்கென ஒரு போட்டியும் வைப்பதில்லை. வினாடி வினா இருக்கிறதே என்பீர்கள். அது நினைவாற்றலை அளக்கும் கோல். தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் விழிப்பான். தெரியாத ஒன்றைத் தானே கண்டுபிடிக்கும் இன்பம் அதில் ஏது? இக்குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழில் மறையெழுத்துப் புதிர்ப் போட்டி நடத்த வேண்டும் என்பதே என் கருத்து.

மறையெழுத்து என்பது யாது? ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை வைத்து எழுதுவது. எந்த எழுத்துக்கு எது என்பதை ஒரு முறை முடிவு செய்துவிட்டால், கடைசி வரை அது மாறக் கூடாது. அவ்வளவுதான் விதி. பள்ளியில் நண்பர்களுக்குள் இப்படி எழுதி விளையாடாதவர் யார்?

விளையாட்டாகத் தோன்றினாலும் இதன் வரலாறு பெரிது. வாத்ஸ்யாயனர் தொகுத்துரைத்த 64 கலைகளுள் மறையெழுத்தும் ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, அதை உடைக்கும் வழியை எழுதி வைத்தார். ஒரு மொழியில் எந்த எழுத்து மிகுதியாக வருகிறது என்று எண்ணு. மறையெழுத்தில் எந்தக் குறி மிகுதியாக வருகிறது என்றும் எண்ணு. இரண்டையும் ஒப்பிடு என்பதே அவ்வழி. ஆங்கிலத்தில் நூறு எழுத்துக்குப் பன்னிரண்டு போல 'ஈ' என்ற எழுத்தே வரும். எனவே முகமூடி எதுவாயினும் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நட்புப் போட்டியாக்கியவர்களும் உண்டு. 1839-இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, ஃபிலடெல்ஃபியாவில் வெளிவந்த வார இதழ் ஒன்றில், வாசகர்கள் அனுப்பும் மறையெழுத்துகளை அவிழ்த்துக் காட்டுவதாக அறைகூவல் விடுத்தார். கடிதங்கள் குவிந்தன. பின்னர் அமெரிக்காவில் தொடங்கிய மறையெழுத்துச் சங்கத்தில், உறுப்பினர்கள் புனைபெயர் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் புதிர் போட்டு அவிழ்க்கிறார்கள்.

'இவையெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான் சரி. இருபத்தாறு எழுத்தோடு முடிந்துவிடும். நமக்கோ 247 எழுத்து. தமிழில் எப்படி?' என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை. தமிழில் இது முடியும் என்பது மட்டுமன்று. தமிழில்தான் இன்னும் சுவையாக இருக்கும் என்பேன். உயிரெழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பதினெட்டு மெய்களை மட்டும் மாற்றுவோம். இப்படி மாற்றும் வகைகள் மட்டும் 64 கோடி கோடிக்கும் மேல். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தால் இருபது கோடி ஆண்டுகள் ஆகும்! ஆனால் ஒரு பிற்பகலில் அவிழ்த்துவிடலாம். எப்படி? இலக்கணத்தால்.

மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று நன்னூலில் படித்தோம், தேர்வில் எழுதினோம், மறந்தோம். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்காத மாணவன் இல்லை. பயன் இங்கே இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. க், ச், த், ப் ஆகிய மெய்களை அடுத்து அதே எழுத்துத்தான் வரும். ர், ழ் ஆகியவை தம்மோடு தாம் சேரா. ட, ற, ன, ண, ர, ல, ழ, ள ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. இவை ஒவ்வொன்றும் துப்பறிவாளன் கையில் கிடைத்த தடயம். 'பக்தி', 'சப்தம்' போன்ற வடசொற்களும், 'ரயில்', 'டிக்கெட்' போன்ற பிறமொழிச் சொற்களும் வந்தால் தடயம் ஏமாற்றும். 'படிக்கச் சென்றான்' என்பதுபோல் ஒற்று மிகும் இடத்திலும் ஏமாற்றும். அதை உணர்வதும் இலக்கண அறிவே அல்லவா?

ஒரு சிறு புதிரைப் பாருங்கள்:

அட்டா யட்டற் ஞழ்லாச்

இரண்டாம் சொல்லும் மூன்றாம் சொல்லும் மெய்யில் முடிகின்றன. ஆகவே 'ற்', 'ச்' என்ற முகமூடிகளுக்குப் பின்னால் இருப்பவை வல்லினமாக இருக்க முடியாது. 'ழ்ல' என்பதில் இரு வேறு மெய்கள் சேர்கின்றன. முன்னது க், ச், த், ப் அன்று. 'ந்த' என்று வைத்துப் பார்த்தால் 'வந்தாள்', 'வந்தார்' என்று ஏதோ தெரிகிறது. 'அட்டா' என்பதில் ஒரே மெய் இரட்டிக்கிறது. அகரத்தில் தொடங்கி, நடுவில் இரட்டித்து, ஆகாரத்தில் முடியும் சொல் எது? அக்கா, அப்பா, அம்மா, அண்ணா. குடும்பமே வந்து நிற்கிறது!

'அக்கா பக்கம் வந்தாள்' என்று ஒருவர் விடை சொல்லலாம். 'அம்மா பம்மல் வந்தாள்' என்று பல்லாவரத்துப் பக்கத்து நண்பர் சொல்லலாம். 'அண்ணா கண்ணன் வந்தார்' என்று மூன்றாமவர் சொல்லலாம். சரிபார்த்துப் பாருங்கள்; மூன்றும் விதிக்கு முற்றும் பொருந்துகின்றன. யார் சொன்னது சரி? மூவரும் சொன்னது சரி. செய்தி மிகச் சிறிதாக இருப்பதே காரணம். ஆங்கில மறையெழுத்துக்கு ஒரே விடைதான் உண்டு என்று உறுதி கூற ஏறத்தாழ 30 எழுத்துகள் வேண்டும் என்று 1949-இல் கணித அறிஞர் க்ளாட் ஷானன் காட்டினார்.

இப்போட்டி தரும் பெரும் பாடம் இதுவே என்று கருதுகிறேன். நம் கருத்துக்கு ஒரு விடை பொருந்திவிட்டால், அதுவே உண்மை என்று முழங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விடுதியில் ஒரு வதந்தி பரவுவதும், ஒரு மாணவன்மேல் பழி விழுவதும் அப்படித்தான். மூன்று சொல்லை வைத்துக்கொண்டு முழுக்கதையும் எழுதிவிடுகிறோம். 'வேறு விடையும் பொருந்துமோ?' என்று ஒரு கணம் நின்று கேட்கும் மனம், எந்தப் பட்டத்தைவிடவும் பெரிது.

'கணிப்பொறி நொடியில் அவிழ்த்துவிடுமே, மனிதன் ஏன் மெனக்கெட வேண்டும்?' என்று சிலர் கேட்பர். பேருந்து இருக்கிறது என்பதற்காக ஓட்டப் பந்தயத்தை நிறுத்திவிட்டோமா? 'பிறர் கடிதத்தை உடைக்கக் கற்றுத்தருவதா?' என்று வேறு சிலர் கேட்பர். இவ்வளவு எளிதில் உடைவதை நம்பலாகாது என்ற எச்சரிக்கையையே இது கற்றுத்தருகிறது. இதைவிடச் சிக்கலான மறையெழுத்தை நம்பிய ஸ்காட்லாந்து அரசி மேரியின் கடிதங்களே 1586-இல் உடைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவர் தலை வெட்டுண்டது.

போட்டியை எப்படி நடத்தலாம்? மூவர் கொண்ட குழு. மூவரும் வெவ்வேறு துறையினர். எண்ணிப் பார்க்கக் கணித மாணவர், இலக்கணம் சொல்லத் தமிழ் மாணவர், பொருள் பொருந்துகிறதா என்று பார்க்க வரலாற்று மாணவர் என்று அமையலாம். செய்தி முப்பது எழுத்துக்குக் குறையக் கூடாது. நுழைவுக் கட்டணம் வேண்டா, பணப்பரிசும் வேண்டா. முதலில் முடித்தவருக்கே எல்லாம் என்பதும் வேண்டா. விடைக்குப் பாதி மதிப்பெண். விடைக்கு வந்த வழியை எழுதிக் காட்டுவதற்குப் பாதி. வென்ற குழு, மேடையில் ஏறித் தான் வந்த வழியைத் தோற்றவர்களுக்கு விளக்கட்டும். தாளும் பென்சிலும் தவிரச் செலவு ஏதுமில்லை. சிற்றூரிலிருந்து, தமிழ் வழியில் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர் நம்மில் பலர். நுண்ணறிவுப் புதிர் என்றால் அது ஆங்கிலம் அறிந்தவர் சொத்து என்று அவர்கள் ஒதுங்கி நிற்கும் நிலை இப்போட்டியால் மாறும்.

மாணவர் மன்றமும் பேராசிரியப் பெருமக்களும் மனம் வைத்தால் வரும் ஆண்டே தொடங்கலாம். அதற்கு முன்னோட்டமாக ஒரு புதிரை இங்கே வைக்கிறேன். விடை இம்மலரில் எங்கும் இல்லை. என் கட்டுரையின் சாரம் அதற்குள் இருக்கிறது. வழியோடு விடை காண்பவர் கணிதத் துறை வாசலில் என்னைச் சந்திக்கலாம். தேநீர் என் செலவு.

ரஞண்ணாகர் ரபழ்யு ணோளுர். ழாரே ளவ்குணிகிய்யயு ழெட்மிற் ழிப்ளுர்.