பெட்டியை எங்கே ஒளிப்பது?

மாணவர்களே, ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகிறவர்கள் ஒரு காலத்தில் கோப்பெங் பட்டணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, பலருக்கு நம் ஊர் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. குவா தெம்புருங் குகைக்கும் கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விடவும் வருகிறவர்கள் எல்லாரும் பட்டணத்துக்குள் நுழைவதில்லை. அங்கே ஒட்டுக்கடை நடத்தும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைகளுக்கு ஆள் வர 'ஜியோகேச்சிங்' விளையாட்டு உதவுமா? உதவும் என்பதே என் கருத்து. ஆனால் பெட்டியைக் கடைக்குள் ஒளிக்கக் கூடாது.

விளையாட்டை அறியாதவர்களுக்காக: அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். சமிக்ஞையில், பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். 2000 மே 2ஆம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் அறிவித்தார். சில நாள்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் இருக்கின்றன. கண்டுபிடிப்பவர் உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

இதை நடத்தும் முதன்மை நிறுவனத்தின் விதிகள் கறாரானவை. பெட்டியின் குறிப்பில் கடையை விளம்பரப்படுத்தக் கூடாது. பெட்டியைத் தேடுவோர் கடைக்குள் நுழைந்தாக வேண்டும், ஏதாவது வாங்கியாக வேண்டும் என்று வைக்கக் கூடாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். உணவுப் பொருள் வைக்கவே கூடாது. நம் ஊர்க் குரங்குகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். 2004இல் ஜீப் நிறுவனம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து, எண் பொறித்த பொம்மை ஜீப்புகளைப் பெட்டிக்குப் பெட்டி உலவவிட்டது. தோசைக் கடைக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது.

இந்த விதிகள் எனக்குச் சரியாகவே படுகின்றன. விளம்பரப் பலகையைத் தேடி யார் வெயிலில் நடப்பார்கள்? கோப்பெங்கில் காட்டுவதற்கு வேறு நல்ல விஷயங்கள் உள்ளன. ஈயச் சுரங்கங்களுக்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்த பெரிய இரும்புக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தால் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள்; படிவம் ஐந்து இயற்பியல் அங்கே கிடக்கிறது. அனுமதி பெற்று அதன் அருகில் பெட்டி வைத்தால், தேடி வருகிறவர் அரைமணி நேரம் நடப்பார். தாகம் எடுக்கும். மிச்சத்தைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் இடத்தைச் சரியாக அளக்க வேண்டும். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். அதை 60ஆல் வகுத்தால் ஒரு கலை 1.85 கிலோமீட்டர். கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டர். பெட்டியின் இடத்தை இந்த நுட்பத்தில்தான் எழுதுவார்கள். திறந்தவெளியில் கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். நம் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் கதை வேறு. பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை 30 மீட்டர் சுற்றி வந்தால், அது ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தைக் கருவி தூரமாகவே கணக்கிடும். ஆகவே வெவ்வேறு நாள்களில் பலமுறை அளந்து சராசரி எடுங்கள்.

குகைக்குள் வேண்டாம், அங்கே சமிக்ஞையும் கிடைக்காது. உலு கெரோவில் ரஃப்லீசியா பூக்கும் இடத்திலும் வேண்டவே வேண்டாம். அந்த மொட்டு காட்டுத் தரையில் கொடியை ஒட்டி மாதக்கணக்கில் வளர்கிறது. அவசரமாகத் தேடுகிறவரின் ஒரு காலடி போதும் அதை நசுக்க.

பலன் கிடைத்ததா என்று கடைக்காரர் கேட்பார். குறிப்பேட்டில் தேதிகள் இருக்கும். பெட்டி வைப்பதற்கு முந்தைய நான்கு வார விற்பனையையும் பிந்தைய நான்கு வார விற்பனையையும் அவரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அந்த வாரம் பெட்டி இல்லாமலேயே கூட்டம் வரும்.