ஒன்பது ஹீரோ... மூணு லட்சம் கையெழுத்து!

ஒரு சின்ன கணக்கு பாஸ். சோனி கம்பெனி 'கான்கார்ட்'னு ஒரு வீடியோ கேம் கொண்டு வந்தது. ரெண்டு அணி, ஆளுக்கொரு ஹீரோ, கையில் துப்பாக்கி. பல வருஷ உழைப்பு, கண்ணைப் பறிக்கிற கிராஃபிக்ஸ், விலை 40 டாலர். 2024 ஆகஸ்ட் 23-ம் தேதி ரிலீஸ். செப்டம்பர் 6-ம் தேதி சர்வரை இழுத்து மூடிட்டாங்க. சரியா ரெண்டே வாரம்! வாங்கினவர்களுக்குப் பணம் வாபஸ். அக்டோபரில், அதை உருவாக்கிய ஸ்டுடியோவுக்கும் பூட்டு.

அதே ரகத்தில் இன்னொரு கேம் இருக்கு. பிறந்தது 2007-ல். புது ஆயுதம், புது வீடியோன்னு கம்பெனி தடபுடலாகச் செய்த கடைசிப் பெரிய அப்டேட் 2017-ல். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட கைகழுவின மாதிரிதான். ஆனாலும் அது சாகவில்லை. சாக விடவில்லை அதன் ரசிகர்கள்!

'டீம் ஃபோர்ட்ரஸ் 2'. இந்த வாரம் நம்ம பக்கத்துக்கு வந்திருக்கும் விருந்தாளி இவர்தான்.

பசங்க ஆரம்பிச்ச கதை

1996-ல் 'க்வேக்' என்ற துப்பாக்கிச் சண்டை கேம் உலகத்தையே ஆட்டிப் படைத்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காவ்லி என்ற மூன்று இளைஞர்கள் அதைப் பிரித்து மேய்ந்து, 'எல்லோரும் ஒரே மாதிரி எதுக்கு ஓடணும்? ஆளுக்கொரு வேலை கொடுத்தா என்ன?' என்று யோசித்தார்கள். யோசித்ததைச் செய்து இலவசமாக வெளியே விட்டார்கள். அதுதான் முதல் 'டீம் ஃபோர்ட்ரஸ்'.

அமெரிக்காவின் 'வால்வ்' கம்பெனி அதைப் பார்த்து, 'இங்கேயே வந்துடுங்கப்பா' என்று வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டது. 1999-ல் 'டீம் ஃபோர்ட்ரஸ் கிளாசிக்' வந்தது. இரண்டாம் பாகம் 'இதோ, அதோ' என்று இழுத்து இழுத்து, ஒருவழியாக 2007 அக்டோபரில்தான் வந்து சேர்ந்தது.

கவனிச்சீங்களா? இந்த கேமுக்கு விதை போட்டதே ரசிகர்கள்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்

மொத்தம் ஒன்பது பேர். ஸ்கவுட், சோல்ஜர், பைரோ, டெமோமேன், ஹெவி, இன்ஜினீயர், மெடிக், ஸ்னைப்பர், ஸ்பை. நிஜ ராணுவம் மாதிரி பச்சை யூனிஃபார்ம் எல்லாம் கிடையாது. நார்மன் ராக்வெல், லெயன்டெக்கர் போன்ற அந்தக் கால அமெரிக்கப் பத்திரிகை ஓவியர்களின் பாணியில் வரைந்தார்கள். தூரத்தில் வெறும் நிழலாகத் தெரிந்தாலே 'ஓ, ஹெவி வர்றான்' என்று கண்டுபிடித்துவிடலாம். வால்வ் திட்டம் போட்டு அப்படித்தான் வடிவமைத்தது.

அழகு அதோட நிக்கலை. யாருமே முழுசா பலசாலி கிடையாது என்பதுதான் இதில் மேட்டரே. ஸ்கவுட் மின்னல் மாதிரி ஓடுவான். ஆனால், உயிர்ப்புள்ளி 125 மட்டுமே. ஹெவிக்கு 300. ஆனால், ஆமை வேகம். முதுகுப் பக்கம் வந்து ஸ்பை ஒரு குத்து குத்தினால் அந்த 300-ம் ஒரே நொடியில் காலி. அந்த ஸ்பையைப் பிடிக்க பைரோவின் நெருப்பு வேணும். இன்ஜினீயர் கட்டும் தானியங்கித் துப்பாக்கியைத் தகர்க்க டெமோமேன் வேணும். ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தன் இல்லை!

இதில் நம்ம செல்லம் மெடிக். சண்டைக் களத்தில் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுகிற டாக்டர். வைத்தியம் பார்க்கப் பார்க்க அவருடைய மீட்டர் ஏறும். நூறு சதவிகிதம் ஆனதும் ஒரு பட்டன். எட்டு நொடிக்கு டாக்டரையும் அவர் கூட இருப்பவரையும் எந்தக் குண்டும் ஒண்ணும் பண்ணாது. அசைக்கவே முடியாமல் நின்ற ஆட்டம், அந்த எட்டு நொடியில் தலைகீழாகும். ஸ்கோர் போர்டில் டாக்டர் பேருக்கு நேரே 'கொன்றவர்கள்' கணக்கு பூஜ்யமாக இருக்கலாம். ஜெயித்தது யாரால் என்று அணிக்குத் தெரியும்!

தொப்பி வித்த காசு

2009-ல் கேமுக்குள் தொப்பிகள் வந்தன. எந்த உபயோகமும் இல்லாத, சும்மா அழகுக்குப் போட்டுக்கொள்கிற தொப்பிகள். ஜனங்க பைத்தியமாகிட்டாங்க! 2010-ல் வால்வ் கடையே திறந்துவிட்டது. ரசிகர்கள் வடிவமைத்த பொருள் விற்றால் அவர்களுக்கு 25 சதவிகிதம் பங்கு. 2011 ஜூனில் கேமையே இலவசமாக்கினார்கள். கல்லா நிரம்பத் தொப்பி போதுமே!

இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை ஃப்ரெண்ட்ஸ். கேமுக்குள் பெட்டிகள் கிடைக்கும். திறக்க சாவி வேணும். ஒரு சாவி 2.49 டாலர். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். திருவிழாக் கடை லாட்டரிச் சீட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க. பாக்கெட் மணி பத்திரம்!

ஒரு சல்யூட்

சோல்ஜர் கேரக்டருக்குக் குரல் கொடுத்தவர் ரிக் மே. மேடை நாடக நடிகர். 2020 ஏப்ரலில், தன் 79-வது வயதில், கொரோனாவுக்குப் பலியானார். மே மாதம் முழுக்க கேமுக்குள் ஆங்காங்கே சல்யூட் அடிக்கும் சோல்ஜர் சிலைகள் நின்றன. பக்கத்தில் போனால் அவருடைய குரல் கேட்கும். ஜென்ம விரோதிகளான ரெட் அணியும் ப்ளூ அணியும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு அந்தச் சிலைகள் முன்னால் கூடி நின்றார்கள். முகம் தெரியாத, ஊர் தெரியாத ஆட்கள்! 'கிரானரி' என்ற களத்தில் ஒரு சிலையை மட்டும் நிரந்தரமாகவே விட்டுவைத்தார்கள்.

வில்லன் என்ட்ரி

அதே 2020 வாக்கில்தான் பெரிய தலைவலியும் ஆரம்பம். 'பாட்' எனப்படும் தானியங்கி புரோகிராம்கள் ஸ்னைப்பர் வேஷத்தில் கூட்டம் கூட்டமாக உள்ளே புகுந்தன. நீங்கள் மூலை திரும்புவதற்குள் தலையில் குண்டு. போதாக்குறைக்கு, ஓட்டுப் போட்டு ஆளை வெளியேற்றும் வசதியை வைத்து நிஜ மனுஷங்களையே வெளியே தள்ளின. அந்தப் பக்கம் சாவி விற்பனை மட்டும் ஜோராக நடந்துகொண்டே இருந்தது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 2022 மே 26-ம் தேதி எல்லோரும் ஒரே நாளில், 'டீம் ஃபோர்ட்ரஸைக் காப்பாத்துங்க' என்று இணையத்தில் குரல் கொடுத்தார்கள். 'உங்க குரல் கேட்குது' என்று வால்வ் பதில் சொன்னது. சில ஓட்டைகளை அடைத்தது. பாட்கள் திரும்பி வந்தன. 2024 ஜூனில் இரண்டாவது ரவுண்டு. இந்த முறை மனுவில் கையெழுத்து மட்டும் 3 லட்சத்துக்கு மேல்! அந்த மாதக் கடைசியில் பாட் கணக்குகள் கொத்துக் கொத்தாகத் தடை செய்யப்பட்டன. ரொம்ப நாளைக்கப்புறம் மனுஷனோட மனுஷன் மோதின நிம்மதி.

அந்த டிசம்பரிலேயே, 2017-ல் அந்தரத்தில் நின்ற காமிக்ஸ் கதைக்குக் கடைசி அத்தியாயம் வந்தது. 2025 பிப்ரவரியில் இன்னும் பெரிய விஷயம். கேமின் மூல நிரலையே பொதுவில் திறந்து வைத்தது வால்வ். யார் வேணாலும் பிரித்து, புதுசாக ஒரு கேம் செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, அதை வைத்து நீங்கள் காசு பார்க்கக் கூடாது. உழைப்பு உங்களது, உரிமை எங்களது என்கிற கணக்கு!

அப்போ இந்த கேம் யாருடையது? சட்டப்படி கேட்டால் வால்வுடையது. ஆனால், கம்பெனி தூங்கிய வருஷங்களில் களம் வரைந்தவர்கள், தொப்பி தைத்தவர்கள், அனிமேஷன் படம் எடுத்தவர்கள், ராத்திரி முழுக்கத் தங்கள் செலவில் சர்வர் ஓட்டியவர்கள், கையெழுத்து வாங்கியவர்கள்... இவர்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறது? மூன்று பசங்க 1996-ல் இலவசமாகக் கொடுத்தது, சுத்திச் சுத்தி மறுபடி பசங்க கையிலேயே வந்து நிக்குது.

கான்கார்டுக்கும் அழகான ஹீரோக்கள் இருந்தார்கள் பாஸ். ஆனால், அவர்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஓடி வர ஒரு கூட்டம் சேர நேரமே கிடைக்கவில்லை. கூட்டத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆளாளுக்கு ஒரு வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, பல வருஷம் கூடவே இருந்தால்தான் அது சேரும்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ் டீமோ, ப்ராஜெக்ட் டீமோ... அதில் யார் ஹெவி, யார் ஸ்கவுட் என்று தேடாதீங்க. மேடையில் பேர் வராமல், பின்னால் ஓடிக்கொண்டே எல்லோரையும் உயிரோடு வைத்திருக்கும் மெடிக் யாருன்னு தேடுங்க. கண்டுபிடிச்சிட்டீங்களா? கேன்டீனுக்குக் கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்க. யாருமே அகப்படலையா? அப்போ அந்த வேலை காலியா இருக்கு... அப்ளை பண்ணுங்க!

வர்ட்டா!