விமானிக்கு வேலை போனால் அரசு என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஜெட்ஸ்டார் ஏசியா விமான நிறுவனம் 2025 ஜூலை 31 ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுமார் 20 ஆண்டுகள் பறந்த நிறுவனம் அது. விமான நிலையக் கட்டணமும் பிற செலவுகளும் ஏறிவிட்டன, போட்டியும் கூடிவிட்டது என்று அதன் பங்குதாரரான ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் காரணம் கூறியது. அதனிடம் இருந்த 13 ஏ320 விமானங்களை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பயன்படுத்த முடிவானது. விமானங்களுக்கு உடனே வேலை கிடைத்துவிட்டது. வேலையிழந்த 500க்கும் மேற்பட்ட ஊழியர்களின் நிலை அப்படி இல்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் அவர்களில் ஒரு பகுதியினரை எடுத்துக்கொள்ள முன்வந்தது. மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு முகாம்களும் அரசின் மறுபயிற்சித் திட்டங்களும் காத்திருந்தன. இங்கே பலருக்கும் ஒரு கேள்வி எழும். விமானி என்றால் கைநிறையச் சம்பாதித்தவர் ஆயிற்றே, அவருக்கு எதற்கு மக்கள் வரிப்பணத்தில் பயிற்சி? நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன் அந்தத் தொழிலின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விமானியின் உரிமம் ஓட்டுநர் உரிமம் போலச் சட்டைப் பையில் வைத்திருந்தால் போதும் என்பதல்ல. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தகுதிச் சான்று வேண்டும். போயிங் 737 ஓட்டியவர் மறுநாள் ஏ320இல் ஏறி அமர முடியாது. அதற்கான பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். மேலும், 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கிய அனுபவம் இருந்தால்தான் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி. மூன்று மாதம் வீட்டில் இருந்தால், சிமுலேட்டரில் பயிற்சி எடுத்துத்தான் திரும்ப முடியும். ஆண்டுதோறும் திறன் சோதனை, மருத்துவச் சோதனை வேறு. அந்தச் செலவை இதுவரை நிறுவனம் ஏற்றது. வேலை போன பின் அது விமானியின் தலையில் விழுகிறது. வருமானம் நின்ற அதே மாதத்தில் செலவு தொடங்குகிறது.

ஆகவே மறுபயிற்சி என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விமானியை விமானியாகவே தக்கவைக்கும் பயிற்சி. மற்றொன்று, வேறு தொழிலுக்கு மாற்றும் பயிற்சி. பெரும்பாலான அரசுத் திட்டங்கள் இரண்டாவதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின் கீழ், 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் முதல் 4,000 வெள்ளி பயிற்சிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. 2025 முதல், முழுநேரப் பயிற்சிக்குச் செல்லும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை கிடைக்கிறது. ஆயுளில் மொத்தம் 24 மாதங்கள் வரை இதைப் பெறலாம். தொழில் மாறுவோரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்குப் பயிற்சிக் காலச் சம்பளத்தில் 70 சதவீதம் வரையும், முதியவர்களாக இருந்தால் 90 சதவீதம் வரையும், ஒரு வரம்புக்கு உட்பட்டு அரசே தருகிறது.

இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. பாடம் மட்டும் சொல்லித் தந்து அனுப்பாமல், படிக்கும் காலத்தில் வீட்டு அடுப்பு எரியவும் வழி செய்கிறார்கள். ஆனால் ஓட்டைகளும் உண்டு. வேலை இழந்தோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் திட்டம் 2025 ஏப்ரலில் வந்தது. மாதச் சராசரி வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கே அது. அனுபவமுள்ள விமானி பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். 35 வயதுத் துணை விமானிக்கு 40 வயதுக்கான உதவித்தொகை இல்லை. வெளிநாட்டு விமானிக்கு வேலையோடு தங்கும் அனுமதியும் முடிகிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்களைக் கொண்ட நமக்கு இந்தக் கடைசி வரியின் கனம் நன்றாகத் தெரியும்.

முதல் வகைக்கும் சிங்கப்பூரிலேயே உதாரணம் உண்டு. 2020 கொரோனா காலத்தில் விமானப் போக்குவரத்து நிறுவனங்களில் உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 சதவீதத்தை அரசு சில மாதங்கள் ஏற்றது. அப்படியும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் அந்த செப்டம்பரில் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. பணிப்பெண்கள் பலர் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உதவச் சென்றார்கள். இரண்டே ஆண்டில் பயணிகள் திரும்பினார்கள். 2022-23 நிதியாண்டில் அந்தக் குழுமம் 200 கோடி வெள்ளிக்கு மேல் லாபம் ஈட்டியது. ஆட்களைக் கைவிடாமல் வைத்திருந்ததன் பயன் அப்போது தெரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியைக் கையாளுகிறது. பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தால் அதற்கென்றே உள்ள பொது நிதியிலிருந்து பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் பணம் தருகிறது. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தில் வேலை இழந்த 1,201 பேருக்காக 2021இல் சுமார் 50 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. தலைக்கு 4,200 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. புதுத் தொழிலுக்கான படிப்புக்கு அது உதவும். ஒரு விமானி வேறு வகை விமானத்துக்கு மாறப் போதாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஜெட் விமானிகள் பல மாதச் சம்பள பாக்கியோடு வெளியேறினார்கள். பிற நிறுவனங்கள் சிலரை எடுத்துக்கொண்டன. விமானிகளுக்கென்று அரசின் மறுபயிற்சித் திட்டம் எதுவும் வரவில்லை. வேலையிழந்தோருக்கு 90 நாட்கள் வரை பாதிச் சம்பளம் தரும் இஎஸ்ஐ திட்டம் உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குவோருக்கே அந்தக் காப்பீடு. ஆக, இந்திய விமானிக்கு அரசின் கதவு எதுவும் திறந்திருக்கவில்லை.

இந்தப் பின்னணியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு செயல் நினைவுக்கு வருகிறது. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும், மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படியும் பதினைந்து நாள் கழித்து வரும்படியும் அனுப்பினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. முதலில் உணவு, அடுத்து கருவி, பிறகு ஒரு கெடு. நல்ல மறுபயிற்சித் திட்டம் எதற்கும் இந்த மூன்றும் வேண்டும். உணவு இல்லாத பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுவார்கள். கெடு இல்லாத உதவி பழக்கமாகிவிடும்.

அதனால் முதலில் எழுந்த கேள்விக்கு என் பதில் இது. விமானிக்கு அவருடைய பழைய சம்பளத்தை அரசு தர வேண்டியதில்லை. அவருடைய தகுதி காலாவதியாகாமல் காக்கும் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்கலாம். வேலை கிடைத்ததும் வட்டியின்றித் தவணையில் திரும்பப் பெறவும் செய்யலாம். பல ஆண்டுகள் உழைத்து உருவான ஒரு தேர்ச்சி மூன்று மாதத்தில் துருப்பிடிப்பது நாட்டுக்கும் இழப்புதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு இயற்பியல், கணிதத்துடன் பன்னிரண்டாம் வகுப்பும் 200 மணி நேரப் பறத்தலும் அடிப்படை. பட்டம் தேவையில்லை. பிள்ளைக்கு உரிமம் வந்ததும் பட்டப்படிப்பு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். நிறுவனம் மூடினால், தரையில் கிடைக்கும் நல்ல வேலைகள் பலவும் முதலில் கேட்பது பட்டத்தைத்தான். மறுபயிற்சி வகுப்புக்குள் நுழையவும் பல இடங்களில் அதுவே நுழைவுச்சீட்டு. தொலைநிலைக் கல்வியிலாவது ஒரு பட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். வீட்டை அடமானம் வைத்து வட்டிக் கடனில் பயிற்சிக்கு அனுப்பும் முன், மார்க்கம் தடுத்ததை ஒரு முறையும், இரண்டு ஆண்டு வேலை இல்லாவிட்டால் தவணையை யார் கட்டுவது என்பதை இன்னொரு முறையும் எண்ணிப் பாருங்கள்.

ஜமாஅத்துகளின் கவனத்துக்கும் ஒன்று. ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர். நேற்று வரை சீருடையில் நடந்தவர் இன்று நியாயமான கடனில் மூழ்கி, அடைக்க வழியின்றி நிற்கலாம். அவர் கைநீட்ட மாட்டார். நாம்தான் விசாரித்து அறிய வேண்டும்.