பேச்சு நின்றால் பேராபத்து



1962 அக்டோபர் 11-ஆம் நாள் வத்திக்கானில் பொதுச்சங்கம் தொடங்கியது. இரு வாரம் நிறையுமுன் உலகம் அணுப்போரை எதிர்நோக்கி நடுங்கிற்று. கியூபாத் தீவில் சோவியத் ஒன்றியம் அணு ஏவுகணைகளை நிறுவக் கண்ட அமெரிக்கா, அத்தீவைக் கடற்படையால் வளைத்தது. கென்னடியும் குருஷேவும் ஒருவருக்கொருவர் விடுத்த மடல்கள் போய்ச் சேரவோ பல மணி நேரம் ஆயிற்று.

அக்டோபர் 25-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர், அமைதி வேண்டிக் கதறும் மக்களுக்குச் செவிசாய்த்துப் பேச்சுவார்த்தைக்கு இணங்குமாறு வானொலி வழியே ஆட்சியாளரை மன்றாடினார். மூன்றாம் நாள் குருஷேவ் ஏவுகணைகளை அகற்ற இசைந்தார். துருக்கியிலிருந்த தம் ஏவுகணைகளை அகற்றக் கென்னடியும் மறைவாக உடன்பட்டார்.

1963 ஜூன் மாதத்தில் வாஷிங்டனையும் மாஸ்கோவையும் நேரே இணைக்கும் செய்தித் தொடர்புக்கு இரு நாடுகளும் ஒப்பமிட்டன. ஆகஸ்டில் பிரிட்டனும் சேர, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச்சோதனை தடைசெய்யப்பட்டது. பகை தீரவில்லை, ஆயினும் பேசினர்.

அவ்வழியே 1987-இல் ரேகனும் கொர்பச்சேவும் செய்த ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கை 2019-இல் முறிந்துபோயிற்று. வல்லரசுகளின் நடுவே மீண்டும் ஐயம் தடிக்கின்றது.

நம் இல்லங்களோ? வரப்புத் தகராற்றால் ஆண்டுக்கணக்காய்ப் பேசாத உடன்பிறந்தார் ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குகின்றனர். கோவில் வாசலில் முகம் திருப்புகின்றனர். நம்பிக்கை பிறந்தபின் பேசுவோம் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேயிருப்பர். பேசியபின்தான் அது பிறக்கும்.

இன்றிரவு செபமாலையில் ஒரு பத்து மணியை உலகத் தலைவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். நாளைக் காலை, பேசாதிருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.