பம்ப் எப்போது நிற்க வேண்டும்?

உள்ளரங்க ஹைட்ரோபோனிக்ஸ் சாகுபடியில் ஊட்டக் கரைசலைத் தானாகக் கலந்து கொடுக்கும் அமைப்பைச் சொந்தமாகக் கட்டிக்கொள்வது இன்று பெரிய காரியமில்லை. ஒரு இ.எஸ்.பி.32 பலகை, ஒரு பி.எச். புரோப், ஒரு இ.சி. புரோப், மூன்று பெரிஸ்டால்டிக் பம்ப், கொஞ்சம் குழாய் இருந்தால் போதும். கட்டி முடித்தவர்கள் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரு வரைபடத்தைத்தான். அதில் இ.சி. கோடு 1.6-ஐ விட்டு அசையாது, பி.எச். கோடு 5.8-ஐ விட்டு நகராது. பார்க்க அழகாக இருக்கும் அந்தக் கோடுகள் பயிரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. தானியங்கி அமைப்பை எடைபோட வேறு இரண்டு கேள்விகள் வேண்டும். எந்தெந்த நிலையில் அது பம்பை ஓட்ட மறுக்கிறது? என்ன கணக்கை எழுதி வைக்கிறது?

முதலில் அந்த 1.6 எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். இ.சி. என்பது கரைசலில் உள்ள அயனிகள் எல்லாம் சேர்ந்து மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றன என்ற ஒற்றை எண். அலகு மில்லி சீமன்ஸ்/செ.மீ. அது பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்துப் பார்க்காது. அந்த எண்ணையே பி.பி.எம். ஆக மாற்றிக் காட்டும் மீட்டர்களில் குழப்பம் இன்னும் கூடுதல். 500 அளவுகோல் உள்ள மீட்டர் 1.6-ஐ 800 என்று காட்டும். 700 அளவுகோல் உள்ளது 1,120 என்று காட்டும். அமைப்பிலும் பதிவேட்டிலும் இ.சி.யை மட்டுமே பயன்படுத்துவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. 100 லிட்டர் தொட்டி, லெட்யூஸ் பயிர், நாளுக்கு 10 லிட்டர் தண்ணீர் செலவு. நிரப்பும் தண்ணீரில் லிட்டருக்கு 46 மி.கி. சோடியமும் அதற்கு இணையான குளோரைடும் இருக்கின்றன. தொடக்கத்தில் இந்த உப்பின் பங்கு இ.சி.யில் ஏறத்தாழ 0.24. ஒரு மாதத்தில் 300 லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. பயிர் இந்த உப்பை எடுத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் தொட்டியில் சோடியம் லிட்டருக்கு 184 மி.கி. இருக்கும், இ.சி.யில் உப்பின் பங்கு 0.9-ஐத் தாண்டியிருக்கும். திரையில் எண் அதே 1.6. அதில் ஊட்டத்தின் பங்கு பாதிக்கும் குறைவு. பயிர் கொஞ்சம் சோடியத்தை எடுக்கும் என்பதால் உண்மை நிலை இதைவிடச் சற்று மிதமாக இருக்கலாம். போகும் திசை இதுதான். கருவியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. 1.6-இல் நிறுத்தச் சொன்னோம், நிறுத்தியது.

உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரிலும் கலவை விகிதம் நகரும். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் மூன்றையும் வேர் வேகமாக இழுக்கும். கால்சியமும் போரானும் மெதுவாகவே போகும். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பக்பீ சுழற்சிக் கரைசல் மேலாண்மை குறித்து 2004-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். வேகமாகப் போகும் சத்துகள் கரைசலில் குறைவாக இருப்பதாலேயே பயிருக்குப் பற்றாக்குறை என்று ஆகிவிடாது. அவை ஏற்கெனவே செடிக்குள் போய்விட்டன. கரைசலின் எண்ணை விடாப்பிடியாக ஒரே இடத்தில் நிறுத்துவதைவிட, செடி குடித்த தண்ணீருக்கு ஏற்ற சத்தைச் சேர்ப்பதே சரியான வழி என்பது அவர் வாதத்தின் சாரம். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்று தெரியாத அமைப்பால் இந்த வழியில் நடக்க முடியாது. டோசிங் அமைப்புக்கு மூன்றாவது சென்சார் வாங்குவதென்றால் அது தண்ணீர் மீட்டராக இருக்கட்டும்.

பி.எச். பக்கம் வருவோம். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது கரைசலின் பி.எச். ஏறும், அம்மோனியத்தை எடுக்கும்போது இறங்கும். இதற்கு மேல் நம் போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் என்ற பழைய கடன் ஒன்று உண்டு. லிட்டருக்கு 305 மி.கி. பைகார்பனேட் இருந்தால் அது 5 மில்லி ஈக்விவலன்ட். ஒன்றை விட்டுவிட்டு நான்கைச் சமன்செய்ய 100 லிட்டருக்கு ஒரு மோலார் நைட்ரிக் அமிலம் 400 மி.லி. வேண்டும். அந்த அமிலமே லிட்டருக்கு 56 மி.கி. நைட்ரஜனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதே வேலையைப் பாஸ்பாரிக் அமிலத்தால் செய்தால் லிட்டருக்கு 124 மி.கி. பாஸ்பரஸ் ஏறும். பலரும் அடிப்படையாகக் கொள்ளும் ஹோக்லண்ட் முழுக் கரைசலில் நைட்ரஜன் 210, பாஸ்பரஸ் வெறும் 31. அமிலத்தை வெறும் திருத்தி என்று எண்ணி உரக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், பி.எச். கோடு நேராக இருக்கும்போதே உரக் கலவை நான்கு மடங்கு கோணலாகிவிடும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் அமிலப் பம்பை இணைக்கக் கூடாது என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

பி.எச்.ஸை ஒற்றைப் புள்ளியில் நிறுத்த முயல்வதும் வீண் வேலை. 5.6 முதல் 6.2 வரை கருவி கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். அமிலத்துக்கு ஒரு பம்பு, காரத்துக்கு ஒரு பம்பு என இரண்டையும் வைத்து எல்லையைக் குறுக்கினால், ஒன்று மிஞ்சிப் போனதை மற்றொன்று திருத்தத் தொடங்கும். இரண்டு குப்பிகளும் காலியாகும், இ.சி. மட்டும் ஏறும். நைட்ரேட் மிகுந்த கலவையில் கீரை வளர்ப்போருக்கு அமிலப் பம்பு ஒன்றே பெரும்பாலும் போதும். பி.எச். தொடர்ந்து இறங்கினால் காரத்தை ஊற்றுவதைவிட அம்மோனியத்தைக் குறைப்பதே முறையான தீர்வு.

கட்டுமானத்தில் பலர் சறுக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கால்சியம் நைட்ரேட் உள்ள ஏ கரைசலும் சல்பேட், பாஸ்பேட் உள்ள பி கரைசலும் செறிவான நிலையில் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும் படிந்துவிடும். இரண்டையும் ஒரே குழாயில் விடுவதும், தொட்டியில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றுவதும் அதே விளைவைத் தரும். ஏ முதலில், கலந்த பின் பி, அதுவும் கலந்த பின் இ.சி. அளவு, கடைசியில் பி.எச். உரம் சேரும்போதே பி.எச். மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. குப்பிகள் தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழேயும், குழாய் முனை நீர்மட்டத்துக்கு மேலேயும் இருக்கட்டும். பம்பின் உள்குழாய் தேய்ந்தால் சைபனாக ஒழுகும் அபாயம் அப்போதுதான் நீங்கும். அந்தக் குழாய் தேயத் தேய, நிமிடத்துக்கு இவ்வளவு மி.லி. என்ற கணக்கும் மாறும். ஒரு நிமிடம் ஓட்டி, விழுந்ததைத் தராசில் நிறுத்து, மாதம் ஒருமுறை எண்ணைத் திருத்துங்கள்.

பி.எச். புரோப்பும் இ.சி. புரோப்பும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்றின் மின்னோட்டம் மற்றதன் அளவைக் கெடுக்கும். தனியாகப் பார்த்தால் 5.9, சேர்த்துப் பார்த்தால் 5.2 என்று வருவது புரோப்பின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சுற்றுகளுக்கும் மின் தனிமைப்படுத்தல் இல்லாததே காரணமாக இருக்கலாம். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் இ.சி. ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். திருத்தம் செய்யாத மீட்டர் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும் சொல்லும். பி.எச். புரோப்பைக் காய விடுவதும் வடிநீரில் போட்டு வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம்: கருவி எப்போது மறுக்க வேண்டும்? 100 மடங்கு செறிவுள்ள தாய்க் கரைசலில் ஏ ஒரு லிட்டர், பி ஒரு லிட்டர் சேர்ந்தால் 100 லிட்டர் தொட்டியில் இ.சி. 2.0 ஏறுகிறது என்று வைப்போம். 0.1 ஏற்ற ஒவ்வொன்றிலும் 50 மி.லி. போதும். நிமிடத்துக்கு 50 மி.லி. தள்ளும் பம்புக்கு அது ஒரு நிமிட வேலை. ரிலே ஒட்டிக்கொண்டு 20 நிமிடம் ஓடினால் ஒரு பயிரே போய்விடும். இ.சி. புரோப் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டாலோ அதில் காற்றுக் குமிழி பிடித்துவிட்டாலோ அளவு பூஜ்யத்துக்கு அருகே விழும். எளிய நிரல் அதைப் பட்டினி என்று புரிந்துகொண்டு உரத்தைக் கொட்டத் தொடங்கும். அந்தப் பூஜ்யம் புரோப்பின் கோளாறு என்று கருவி எடுத்துக்கொள்ளும்படி நிரலை எழுத வேண்டும்.

ஆகவே நிரலில் ஐந்து தடைகள் வேண்டும். ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை. நம்ப முடியாத அளவு வந்தால் ஊற்றுவதில்லை. ஊற்றிய பின் கலக்கும் நேரம் முடியும்வரை அடுத்த ஊற்றல் இல்லை. மணிக்கு 1,000 லிட்டர் சுழலும் 100 லிட்டர் தொட்டி மூன்று சுற்றுச் சுற்றவே 18 நிமிடம் ஆகும், 20 நிமிடமாவது காத்திருக்கட்டும். ஐந்தாவதுதான் பலரும் விட்டுவிடுவது: எதிர்பார்த்த மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்து. 50 மி.லி. ஊற்றி இ.சி. 0.1 ஏறவில்லை என்றால் குப்பி காலி, அல்லது குழாய் கழன்றிருக்கிறது, அல்லது புரோப் பொய் சொல்கிறது. மூன்றில் எதுவானாலும் இன்னொரு 50 மி.லி. அதற்கு மருந்தல்ல, ஆளைக் கூப்பிடுவதே மருந்து.

மின்வெட்டை நிரல் எழுதும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய மொத்த அளவைப் பலகை நிலையான நினைவகத்தில் எழுதி வைக்காவிட்டால், ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் நாள் வரம்பு புதிதாகத் தொடங்கும். பலகை உயிர்பெறும் கணத்தில் சில முனைகள் தாமாகவே உயர்நிலைக்குப் போகும். அவற்றில் பம்பை இணைக்காதீர்கள். எல்லா நிரலையும் மிஞ்சிய தடை ஒன்றும் உண்டு: நாள் குப்பி. பம்பு உறிஞ்சும் குப்பியில் ஒருபோதும் 250 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். மேற்சொன்ன தொட்டியில் ரிலே, புரோப், நிரல் மூன்றும் ஒன்றாகக் கெட்டாலும் இ.சி. 0.5-க்கு மேல் ஏறாது, பயிர் பிழைத்துக்கொள்ளும். அமிலத்துக்கும் இதே விதி. நீர்த்த அமிலத்தையே குப்பியில் வையுங்கள். நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

இரண்டாவது கேள்வி, கணக்கு. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மி.லி. ஏ, பி, அமிலம் என்ற நான்கு எண்கள் இ.சி. கோட்டைவிடப் பயிரின் நிலையைச் சரியாகச் சொல்லும். தண்ணீர்ச் செலவு திடீரென்று குறைந்தால் வேரையும் காற்றின் ஈரப்பதத்தையும் பாருங்கள். தண்ணீர் வழக்கம்போலப் போய், உரம் மட்டும் நாளுக்கு நாள் குறைவாகக் கேட்கப்பட்டால் தொட்டியில் வேண்டாத உப்பு சேர்கிறது என்று சந்தேகப்படுங்கள். கரைசலை மாற்றி, பழையதில் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். லெட்யூஸின் இளம் இலை நுனி கருகினால் உரத்தைக் கூட்டத் தோன்றும். தொட்டியில் கால்சியம் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். உள்ளிலைக்கு அது போய்ச் சேராததே சிக்கல். மின்விசிறியும் ஈரப்பதக் கட்டுப்பாடும்தான் அங்கே வேலை செய்யும். இ.சி.யைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். இதைக் கண்டறியும் சென்சார் எந்த டோசிங் அமைப்பிலும் இல்லை.

தானியங்கி வேண்டாம் என்பது நம் நிலைப்பாடல்ல. ஆள் இல்லாத இரவிலும் விடுமுறையிலும் சீராக வேலை செய்யும் அமைப்பு பெரிய பண்ணைக்குத் தேவைதான். இருபது லிட்டர் தொட்டியில் சில செடிகள் வளர்ப்பவருக்கோ வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுவதே மலிவு, பாதுகாப்பு.

பம்ப் வாங்கும் முன் ஒரு முழுப் பயிர்ச் சுற்றைக் கையால் கலந்து, அந்த நான்கு எண்களையும் தினமும் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டிலிருந்தே உங்கள் நாள் வரம்பும் குப்பி அளவும் பிறக்கும். அமைத்து முடித்தபின் இந்த இதழுக்கு எழுதும்போது வரைபடத்தோடு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, பம்ப் அளவுத்திருத்தக் குறிப்பு, நாள்வாரிக் கணக்கு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அமைப்பு எப்போதெல்லாம் ஊற்ற மறுத்தது, ஏன் மறுத்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்தவர் கட்டும் அமைப்புக்கு அந்தத் தகவல்தான் முதலில் வேண்டும்.