கடலோரத்து வேப்பம்பூ

திருச்சியை விட்டுத் திருச்செந்தூருக்குக் கார்த்திகையில் குடிவந்தோம். எஞ்சிய காலத்தைச் செந்திலாண்டவன் நிழலில் கழிக்க வேண்டும் என்பது என் விருப்பம். என் மனைவி மறுக்கவில்லை. மறுக்காததைச் சம்மதம் என்று வரவு வைத்துக்கொண்டேன். வங்கியில் கணக்குப் பார்த்தவன் செய்யக்கூடாத பிழை.

எனக்கு இவ்வூர் எளிதில் பழகிவிட்டது. விடியலில் கடலாடி, நாழிக்கிணற்றுக்குப் படியிறங்கி, அந்த நன்னீரில் உப்பைக் கழுவிக்கொள்வேன். அலைக்கு இத்தனை அருகில் அப்படி ஒரு நீர்! பிறகு தரிசனம், பன்னீர் இலையில் திருநீறு. அவளோ பல நாள் உடன் வருவதில்லை. “தாயுமானவர் சந்நிதியில் நாம் சொல்லாமலே அர்ச்சகர் நம் நட்சத்திரத்தைச் சொல்வார். இங்கே நம்மை யாருக்குத் தெரியும்?” என்று ஒரு நாள் மட்டும் கேட்டாள். என்னிடம் விடையில்லை.

பங்குனி பிறந்தது. தெருக்கோடி வேம்பு பூத்துச் சொரிந்தது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஆண்டுதோறும் அவளே பூச்சேர்த்து உலர்த்துவாள். இங்கும் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துச் சேர்த்தாள். ஆனால் பூ காயவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் நமுத்துக் கருத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் திண்ணையில் அமர்ந்திருந்த கோலம் எனக்கு வேதனை தந்தது.

எதிர்வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறார். “அக்கா, காலை வெயில் மட்டும் போதும். மத்தியானக் கடற்காற்று வருமுன்னே எடுத்து மூடி வச்சிருங்க” என்று சொல்லித் தம் வீட்டு மொட்டைமாடியையும் திறந்துவிட்டார்.

நேற்று மாலை கோயிலுக்கு அழைத்தேன்.

“எதிர்வீட்டு அம்மாவும் வருகிறார்களாம். நீங்கள் முன்னே நடங்கள்” என்றாள்.